பேட்டரி வள்ளல்

சம்மாட்டியின் படகு கரை திரும்புவதைத் தெரிந்துகொள்ளக் கண் வேண்டாம், காது போதும். மண்டபத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில் ராத்திரி வலை போட்டுவிட்டு விடியற்காலையில் வரும் ஃபைபர் படகுகளில் மற்றவற்றுக்கெல்லாம் எஞ்சின் சத்தம்தான் முதலில் வரும். இவருடைய படகுக்குப் பாட்டு முதலில் வரும், படகு பிறகு வரும். ஏலக்காரர் எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டுவதற்குள் ஒரு பல்லவியும் ரெண்டு சரணமும் முடிந்திருக்கும். பாட்டு வராத நாளும் உண்டு. அன்றைக்கு அந்தப் படகு இன்னொரு படகின் விளக்கைப் பார்த்துக்கொண்டு, அதன் பின்னாலேயே நல்ல பிள்ளையாக வந்து சேரும். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பேட்டரி மட்டும் தன்னை முழுவதுமாக இசைக்கு ஒப்புக்கொடுத்திருக்கும்.

இப்பேர்ப்பட்டவரைப் பற்றிக் கரையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கடலில் பாட்டுக் கேட்பது குற்றமா? வலையை இறக்கிவிட்டு, நீவாடு, அதாவது நீரோட்டம், இழுக்கிற பக்கம் படகை விட்டுவிட்டு நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருக்கிற ராத்திரி எவ்வளவு நீளம் என்று கரையில் மெத்தையில் படுத்திருப்பவனுக்குத் தெரியாது. தூக்கத்தை விரட்ட, சண்டையைத் தள்ளிப்போட, பாட்டைப் போல் ஒரு மருந்து கிடையாது. ஆகவே அவர் பாட்டுக் கேட்பதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் மெய்சிலிர்த்து நிற்பது அந்தப் பாட்டுக்கு அவர் ஒயர் இழுத்த விதத்தைப் பார்த்து.

படகில் இருப்பது 12 வோல்ட், 75 ஏ.எச். (ஆம்பியர் மணி) பேட்டரி. ஒன்றே ஒன்று. ஜி.பி.எஸ். அதில்தான், ஆழம் காட்டும் எக்கோ அதில்தான், படகுக்குப் படகு பேசுகிற வி.எச்.எஃப். செட் அதில்தான், கம்பத்து விளக்கும் அதில்தான். எஞ்சின், கைப்பிடியைச் சுற்றிக் கிளப்புகிற டீசல் எஞ்சின். அதில் டைனமோ கிடையாது. ராத்திரி கடலுக்குப் போன பிறகு அந்தப் பேட்டரிக்குள் வெளியிலிருந்து ஒரு சொட்டுக் கரண்ட் வர வழியில்லை. உள்ளே இருப்பதுதான் விடியும்வரை. இந்தச் சின்ன விவரம் சம்மாட்டியை ஒருநாளும் கலக்கியதில்லை. பக்கத்துப் படகில் ஒரு தம்பி இருக்கிறான், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். அவன் ஒருநாள் கேட்டான்:

“அண்ணே, ராத்திரி பூரா செட்டு பாடுதே, பேட்டரி எப்படிண்ணே தாங்கும்?”

“எஞ்சின் ஓடுதுல்ல தம்பி? ஓட ஓட ஏறிக்கும்.”

“அண்ணே, இந்த எஞ்சின்ல டைனமோவே இல்லையேண்ணே.”

“கார்ல ஏறுதுல்ல? அது மாதிரிதான்.”

இதற்குப் பெயர்தான் நம்பிக்கை. டைனமோ இருந்து பேட்டரி ஏறினால் அதில் என்ன அதிசயம்? அது எல்லாக் காரிலும் நடக்கிறது. டைனமோவே இல்லாமல் ஏறும் என்று இத்தனை வருஷம் ஒருவர் உறுதியாக நிற்கிறார் என்றால், அவரை அசைக்க விஞ்ஞானம் யார்?

அந்தத் தம்பியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், சம்மாட்டியின் பெருந்தன்மை அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். அவன் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறான். அதில் கணக்கு. ஜி.பி.எஸ்.சும் எக்கோவும் சேர்ந்து 0.8 ஆம்பியர். வி.எச்.எஃப். யாரும் பேசாமல் சும்மா கேட்டுக்கொண்டிருக்க 0.4. எல்.இ.டி. விளக்கு 0.5. ஆக 1.7. சாயங்காலம் 5 மணிக்கு இறங்கிக் காலை 6 மணிக்குத் திரும்பினால் 13 மணி நேரம். பெருக்கினால் 22 ஏ.எச். 75 ஏ.எச். பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்துப் பழக்கினால் அது சீக்கிரம் சாகும் என்பதால், செலவுக்கு என்று அவன் வைத்திருப்பது 37. மிச்சம் 15. அதில் 2 ஆம்பியர் தின்கிற அளவுக்குச் சத்தத்தை வைத்தால் 7 மணி நேரம் பாட்டுக் கேட்கலாம். கேட்கிறான். பாட்டைக்கூடப் படியளந்து கேட்கிற ஜென்மம்!

சம்மாட்டியிடம் நோட்டுக் கிடையாது. அவர் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து சூடு பிடித்தால் சராசரியாக 6 ஆம்பியர். 13 மணி நேரத்துக்கு 78. பேட்டரியே மொத்தம் 75தான். அந்த 75கூட 20 மணி நேரம் நிதானமாக, 3.75 ஆம்பியராக எடுத்தால் கிடைக்கும் என்று கம்பெனி போட்ட கணக்கு. அவசரமாக உறிஞ்சினால் அதுவும் குறையும். இருப்பதைக் கொடுப்பவன் சாதாரணக் கொடையாளி. பாரி தேரைக் கொடுத்தபோது தேர் அவனிடம் இருந்தது. பேட்டரியில் இல்லாத 3 ஏ.எச்.சையும் சேர்த்துப் பாட்டுக்குத் தாரை வார்க்கிறவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

அவர் ஒயர் இழுத்த கதைக்கு வருவோம். அங்கேதான் அவருடைய கைவண்ணம் முழுதாக விளங்கும்.

அவர் செட் ஒரு கார் ஸ்டீரியோ. அதன் முதுகிலிருந்து வருகிற ஒயர்களுக்கு நிறம் வாரியாக வேலை பிரித்திருக்கிறார்கள். கறுப்பு, மைனஸ். மஞ்சள், எந்நேரமும் பேட்டரியோடு இருப்பது. கடிகாரத்தையும் வைத்த ஸ்டேஷனையும் செட் மறக்காமலிருக்க அது மிகக் கொஞ்சமாகக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். சிவப்பு, காரில் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வருவது; செட்டை எழுப்புவதும் படுக்கவைப்பதும் அதுதான். நீலம், ஆம்ப்ளிஃபயருக்குப் போவது; செட் விழித்தால் நீயும் விழி, படுத்தால் நீயும் படு என்று சொல்ல. படகில் சாவி கிடையாது என்பதால் சிவப்பு ஒயரில் ஒரு தண்ணீர் புகாத சுவிட்சைப் போட்டு, கரை ஏறும்போது அணைத்துவிட வேண்டும் என்பது தம்பியின் கட்சி.

“சுவிட்சுல உப்பு ஏறிடும்டா” என்றார் சம்மாட்டி. மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினார். ஆம்ப்ளிஃபயரின் நீல ஒயர் வாங்குகிற முனைக்கும் அதே முறுக்கிலிருந்து ஒரு துண்டை இழுத்தார். மொத்தத்தையும் பேட்டரியின் பிளஸ் கிளாம்புக்கு அடியில் சொருகி, ஸ்பேனர் தேடப் பொறுமை இல்லாமல் கட்டிங் பிளேயரால் இறுக்கினார். மேலே கறுப்பு டேப். முடிந்தது வேலை. நிறத்துக்கு நிறம் வேலை பிரித்த வர்ண பேதத்தை ஒரே முறுக்கில் ஒழித்த சமத்துவவாதி அவர்.

இந்தச் சமத்துவத்தின் பலன் உடனே தெரிந்தது. செட்டை அணைத்த பிறகும் ஆம்ப்ளிஃபயர் தூங்குவதே இல்லை. பழைய ரகத்து ஆம்ப்ளிஃபயர், பாட்டு எதுவும் ஓடாமல் வெறுமனே விழித்திருப்பதற்கே 1 ஆம்பியர் வரை எடுக்கும். ஒரு நாளைக்கு 24 ஏ.எச். காற்று பலத்து, மீன்துறை எச்சரிக்கை கொடுத்து, மூன்று நாள் யாரும் கடலுக்குப் போகவில்லை என்றால் 72. பாட்டைப் போட்டு பேட்டரியைக் காலி செய்ய எவனுக்கும் முடியும். ஒரு பாட்டும் போடாமல், நங்கூரத்தில் கிடக்கிற படகில், ஆளே இல்லாதபோது முழுப் பேட்டரியையும் காலி செய்வது நம்மவருக்கு மட்டுமே கைவந்த கலை. நாலாவது நாள் பேட்டரிக் கடைக்காரரைப் பார்த்து, “போடாத செட்டுக்கு எப்படிப்பா பேட்டரி இறங்கும்? நீ குடுத்ததே டூப்ளிகேட்டு” என்று சத்தம் போட்டாரே, அந்தக் கம்பீரத்தைச் சொல்ல வார்த்தை இல்லை.

ஊரில் மற்றவர்கள் கரை வந்ததும் பேட்டரியைக் கழற்றி, டி.வி.எஸ். வண்டியின் முன்னால் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போடுகிறார்கள். சம்மாட்டி தொலைநோக்கு உள்ளவர். அந்தச் சண்டைக்குப் பிறகு, வீட்டுச் சார்ஜர் போதாதென்று 50 வாட் சோலார் தகடும் வாங்கிப் படகிலேயே மாட்டியிருக்கிறார். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 15 ஏ.எச். வரை அது கொடுக்கும். தூங்காத ஆம்ப்ளிஃபயர் நாளைக்கு 24 கேட்கிறது. ஆகச் சூரியனே காலையிலிருந்து சாயங்காலம்வரை அவருடைய ஆம்ப்ளிஃபயருக்குக் கூலி வேலை பார்த்துவிட்டு, 9 ஏ.எச். கடனோடு மேற்கே இறங்குகிறான். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தகட்டை ஒட்டி, அதே கம்பத்தில், ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகளை உயர்த்திக் கட்டியிருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் அவற்றின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழும். தகட்டில் செல்கள் வரிசையாக ஒன்றோடொன்று கோத்தவை. ஒரு மூலை இருண்டால் விளைச்சல் அந்த மூலை அளவுக்கு மட்டும் குறையாது, பெருமளவு படுத்துவிடும். சூரியனுக்கும் ஓய்வு வேண்டும் என்று நினைக்கிற மனசு யாருக்கு வரும்?

ஃபியூஸ் விஷயத்தில் அவருடைய துணிச்சல் தனி. அமெரிக்காவில் படகு மின்னமைப்புக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்புகிற ஒயரில் 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டுமாம். பயந்தாங்கொள்ளிகள். தம்பியும் அதையே பிடித்துக்கொண்டான்.

“செட்டு முதுகுலயே ஃபியூஸ் இருக்குல்லடா?”

“அது செட்டைக் காப்பாத்தத்தாண்ணே. பேட்டரியில இருந்து செட்டு வரைக்கும் வர்ற ஒயரை யாரு காப்பாத்துறது?”

“ஒயரை எதுக்குடா காப்பாத்தணும்? மீட்டர் பன்னெண்டு ரூவா.”

பின்தலையில் பேட்டரி, அணியத்தில் செட். நடுவில் 5 மீட்டர் ஒயர் பலகைக்கு அடியில், வலை இழுக்கும்போது உரசுகிற ஓரமாகவே போகிறது. பக்கத்தில் டீசல் கேன். என்றைக்காவது தோல் கிழிந்து பிளஸ்ஸும் மைனஸும் தொட்டுக்கொண்டால், 75 ஏ.எச். பேட்டரி அந்த நொடியே ஒயர் தாங்குவதைப் போலப் பல மடங்கு ஆம்பியரைத் தள்ளும். ஒயர் பழுக்கும், டேப் உருகும், ஃபைபரின் ரெசின் கரும்புகையோடு எரியும். கடலில் ஓட இடமில்லை. பத்து இருபது ரூபாய் ஃபியூஸ் இதையெல்லாம் தடுத்து நிறுத்தி, விறுவிறுப்பே இல்லாமல் செய்துவிடும். செட்டின் முதுகில் கம்பெனி வைத்த 10 ஆம்பியர் ஃபியூஸ்கூட அவருக்கு இடைஞ்சல்தான். பாஸ் தூக்கும்போது அது ஒருமுறை போனது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி உள்ளே திணித்தார். அதற்குப் பிறகு அது போகவே இல்லை. இனி எப்போதும் போகாது. செட் போனாலும் அது போகாது.

அந்தப் பத்து ஆம்பியரைப் பார்த்தாவது ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். செட்டின் நெற்றியில் ‘50 வாட் × 4’ என்று ஒட்டியிருக்கிறது, மொத்தம் 200 வாட். கார் ஓடும்போது கிடைக்கிற 14.4 வோல்ட்டையே வைத்து 10 ஆம்பியரால் பெருக்கினால் 144. உள்ளே போவதே 144 என்றால் வெளியே 200 வருமா என்று கேட்பது விதண்டாவாதம். ஸ்பீக்கர் பெட்டியில் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்றே போட்டிருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஒயரின் கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் வாங்கியது வீட்டு மின்விசிறிக்கு இழுக்கிற 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். செம்பிலேயே அந்தக் கனத்துக்கு மீட்டருக்கு 0.018 ஓம் தடை. போக 5, வர 5, பத்து மீட்டருக்கு 0.18. பாஸ் அடிக்கையில் 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.8 வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் 12 இருந்தால் செட்டுக்குப் போய்ச் சேர்வது 10.2. செட் திணறும், சத்தம் கரகரக்கும். சம்மாட்டி அது சத்தம் பற்றாததால் என்று முடிவு செய்து இன்னும் கூட்டுவார். 4 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் அரை வோல்ட்டுக்குள் முடிந்திருக்கும் விஷயம். கடலுக்கென்றே ஈயம் பூசிய செம்பு ஒயர் இருக்கிறது, உப்பு அதன் இழைக்குள் சீக்கிரம் ஏறாது. வீட்டு ஒயரில் ஏறும். டேப்பைப் பிரித்துப் பார்த்தால் முறுக்கின் நடுவில் பச்சை பூத்திருக்கிறது. அந்தப் பச்சையைத் தாண்டிக் கரண்ட் போக வேண்டும்.

இதே ஒயரிலிருந்துதான் நடுவழியில் தோலைச் சுரண்டி, கம்பத்து விளக்குக்கும் ஒரு இணைப்பு எடுத்திருக்கிறார். தனி ஒயர் எதற்கு, வீண் செலவு. அதனால் ஒவ்வொரு தாளத்துக்கும் விளக்கு மங்கி மங்கி எரிகிறது. ‘டம்’ என்றால் இருட்டு, ‘டக்’ என்றால் வெளிச்சம். கல்யாண மண்டபத்தில் இதற்கென்று தனியாக வாடகை கொடுத்து விளக்கு வைக்கிறார்கள். இவருக்கு இலவசமாக அமைந்துவிட்டது. தூரத்தில் சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறவன், இருட்டில் தாளத்தோடு மினுக்குகிற அந்தப் புள்ளியை மீன்பிடிப் படகு என்று எடுத்துக்கொள்வானா, கண் கோளாறு என்று எடுத்துக்கொள்வானா என்பது அவன் பாடு. அவன் ஹார்ன் அடித்தாலும் இந்தப் படகில் யாருக்கும் கேட்கப்போவதில்லை.

காம்பஸ் கதை இதைவிடச் சுவையானது. பெரிய முட்டை வடிவ ஸ்பீக்கர்கள் இரண்டை, இடம் மிச்சம் பிடிக்க, காம்பஸுக்கு இரண்டு பக்கமும் பொருத்தியிருக்கிறார். ஸ்பீக்கரின் முதுகில் கனத்த காந்தம். காம்பஸ் முள்ளும் காந்தத்தைப் பார்த்தால் மயங்குகிற சாதிதான். ஒரு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்வார்கள். இவர் படகில் முள் பல நேரம் ஸ்பீக்கர் காட்டுகிற திசையையே வடக்கு என்று ஒப்புக்கொண்டுவிடுகிறது. வடக்கையே தன் படகுக்குள் வரவழைத்தவர்!

பரவாயில்லை, ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். பேட்டரி தளர்ந்தால் அதுவும் கண்ணை மூடும். கரையில் இருக்கிற உங்களுக்கு அது ஒரு திரை. இந்தக் கடலில் அது அதற்கும் மேலே. இந்தியாவும் இலங்கையும் 1974லும் 1976லும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் வரைந்த கோடு தண்ணீரில் தெரிவதில்லை, ஜி.பி.எஸ். திரையில் மட்டும்தான் தெரியும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் கோடு கைக்கெட்டுகிற தூரம். 2018இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி, எல்லை தாண்டி வருகிற வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியிருக்கிறது. படகு போனால் பிழைப்பே போயிற்று. எல்லை தாண்டுவதற்குப் பசியிலிருந்து நீவாடு வரைக்கும் எத்தனையோ காரணம் உண்டு, அந்த வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. ஆனால் பாட்டுக் கேட்டு ஜி.பி.எஸ். அணைந்து, ஸ்பீக்கரைப் பார்த்து வடக்கு எது என்று கேட்டுக் கோட்டைத் தாண்டிய முதல் ஆள் என்ற பெயர் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. சம்மாட்டி தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறார்.

வி.எச்.எஃப். செட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எனக்குப் பாராட்டு தொண்டையில் சிக்குகிறது. அது கேட்டுக்கொண்டிருக்கும்போது சாது. பேசுவதற்குப் பட்டனை அழுத்தினால் 25 வாட்டில் அலை அனுப்ப 5, 6 ஆம்பியர் ஒரேயடியாக இழுக்கும். பெரும்பாலான செட்டுகள் 11.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஒழுங்காக வேலை செய்வதற்கு உத்தரவாதம் இல்லாதவை. முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.7 காட்டும், 12.2 என்றால் பாதி, 11.9 என்றால் அநேகமாகக் காலி. அந்தக் காலிப் பேட்டரியிலும் வி.எச்.எஃப்.பின் சின்னச் சிவப்பு விளக்கு எரியும், அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் பேசுவதெல்லாம் கேட்கும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். 16ஆம் சானலில் உதவி கேட்க நீங்கள் பட்டனை அழுத்துகிற அந்த நொடியில்தான் வோல்ட் சரிந்து செட் அணையும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை என்று இந்த மாநிலமே அழுதது. அதற்குப் பிறகு படகுக்குத் தகவல் கருவி வேண்டும் என்று எத்தனை பேச்சு, எத்தனை மனு. கருவி வந்தது. அதற்கான கரண்டைச் சம்மாட்டி ‘படகோட்டி’ படத்துப் பாட்டுக்குக் கொடுத்துவிட்டார். கடலோரக் காவல்படையின் ஆபத்து அறிவிப்புக் கருவி ஒன்றுதான் அவருடைய கருணையிலிருந்து தப்பியது. அதற்குள் தனிப் பேட்டரி வைத்து மூடிவிட்டார்கள். அதைத் திறந்து செட்டுக்கு ஒயர் கொடுக்க முடியுமா என்று ஒருமுறை விசாரித்ததாகக் கேள்வி.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அவரிடம் மல்டிமீட்டர் கிடையாது. சில நூறு ரூபாய் சாமான், தம்பி இரவல் கொடுக்கவும் தயார். சம்மாட்டி ஒரு துண்டு ஒயரை எடுத்து பிளஸ்ஸையும் மைனஸையும் படக்கென்று தொட்டுவிட்டு எடுப்பார். பொறி நீலமாகப் பறந்தால் “நல்லா இருக்கு”, மஞ்சளாகச் சொட்டினால் “சுமார்”. சார்ஜ் ஏறுகிற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், மூடியிருக்கிற பெட்டிக்குள் அது தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும் என்று தம்பி முனகினான். அதைக் கேட்டுச் சம்மாட்டி முகத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

இவரால் வாழ்கிறவர்களையும் சொல்ல வேண்டும். இவர் வாங்கியது காருக்கான பேட்டரி. மெல்லிய தகடுகள் நிறைய அடுக்கியது. எஞ்சினைக் கிளப்ப ஓரிரு நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கத்தான் அது பிறந்தது. மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கக் கனத்த தகடு போட்ட இன்னொரு ரகம் இருக்கிறது. கார்ப் பேட்டரியை அடிமட்டம்வரை இறக்கி, அப்படியே ரெண்டு நாள் போட்டுவைத்தால், தகட்டில் படிகிற ஈய சல்ஃபேட் இறுகிப்போய்த் திரும்பக் கரையாது. 75 ஏ.எச். சில மாதத்தில் 40 ஆகும், பிறகு 20. வழக்கமாக மூன்று, நாலு வருஷம் வருகிற பேட்டரி இவர் கையில் ஒரு மழைக்காலம் தாண்டுவதில்லை. பேட்டரிக் கடைக்காரர் புது மாடி எழுப்பியிருக்கிறார். பழைய பேட்டரி எடைக்கு வாங்குகிறவர் இவரைக் கண்டால் எழுந்து நிற்கிறார்.

தம்பியின் படகிலும் பாட்டு உண்டு என்றேன். அவன் சமீபத்தில் அதையும் மாற்றிவிட்டான். கைக்கடக்கமான ப்ளூடூத் ஸ்பீக்கர். தண்ணீரில் விழுந்தாலும் அரைமணி நேரம் தாங்குகிற ரகம். தன் பேட்டரியில் பத்து மணி நேரம் பாடுகிறது. படகின் பேட்டரியோடு அதற்கு ஒயர் உறவே இல்லை. வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்துவருகிறான். வலை இழுக்கும்போது நிறுத்திவிடுகிறான். அதைப் பார்த்துச் சம்மாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. “புள்ளைங்க விளையாடுற சாமான்டா அது. நாலு பேரு கேட்டாத்தான் பாட்டு. கரையில கேக்கணும்டா, கரையில!” கரையில் தூங்குகிறவர்கள் மேல் இவ்வளவு அக்கறை அவருக்கு.

போன வாரம் நல்ல சேதி வந்தது. பேட்டரி அடிக்கடி இறங்குவதற்குக் காரணம் அது சின்னதாக இருப்பதுதான் என்று சம்மாட்டி கண்டுபிடித்திருக்கிறார். 150 ஏ.எச். வாங்கப்போகிறார், ஐம்பது கிலோ சொச்சம் கனம். கூடவே ஒரு சப்வூஃபர். வீட்டில் இருக்கிற சார்ஜர் 5 ஆம்பியர். காலிப் பேட்டரி நிரம்ப நஷ்டம் போக 30 மணி நேரத்துக்குமேல் ஆகும். படகு கரையில் நிற்பதோ பகலில் பதினோரு மணி நேரம். சின்னப் பேட்டரியே காலியானால் ஒரு பகலில் நிரம்பாது, இது எங்கே நிரம்பும்? தம்பி கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தான்.

“அண்ணே, பெருசு வேணாம். இதே மாதிரி இன்னொரு சின்னது வாங்குங்க. ஒண்ணுல செட்டு மட்டும். இன்னொண்ணுல ஜி.பி.எஸ்., விளக்கு, வி.எச்.எஃப். ரெண்டுக்கும் தொடர்பே வேணாம். பாட்டு பேட்டரி செத்தா பாட்டு மட்டும் சாகட்டும்.”

சம்மாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னடா, குடும்பத்தைப் பிரிக்கச் சொல்றியா? எங்கப்பா காலத்துல இருந்து எங்க படகுல எல்லாம் ஒண்ணாத்தான்டா இருந்திருக்கு.”

அவருடைய அப்பா காலத்துப் படகில் பேட்டரியே கிடையாது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. “வோல்ட் குறைஞ்சா தானா செட்டை மட்டும் கட் பண்ற சாமானாவது போடுங்கண்ணே, சில நூறு ரூவாதான்” என்று தம்பி இறங்கி வந்தான். பாதிப் பாட்டில் நிறுத்துகிற சாமானா என்று அதையும் தள்ளிவிட்டார்.

புதுப் பேட்டரி வெள்ளிக்கிழமை படகில் ஏறுகிறது. மாலைக்கும் சூடத்துக்கும் சொல்லியாயிற்று. ஒயர் அதே ஒயர்தான். ஃபியூஸ் பற்றிப் பேச்சில்லை.